புள்ளி

லாபிஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
செம்பனைக் குலை லோரிகள் மூச்சிரைத்து வளையும் முனையில்
அந்தக் கிளினிக்.
மருந்துக் கவுண்டரில் எனக்கு ஆறு வாரம்.
வெள்ளைக் கோட்டுப் பையில் மூன்று நிறப் பேனா,
நான்காண்டுப் பாடத்தையும் சுருக்கி எழுதிய
உள்ளங்கை அகல நோட்டு.

கல்லூரிச் செய்முறைத் தேர்வில்
நோயாளியாக நடித்தவர்கள் நல்லவர்கள்.
வயதைக் கேட்டால் வயதைச் சொன்னார்கள்.
ஒவ்வாமை கேட்டால் பென்சிலின் என்று
எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள்.
ஏழாம் நிமிடம் மணி அடித்தது.
எல்லாரும் குணமானோம்.

இங்கே கன்னியப்பன்
நீரிழிவு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"சாப்பிட்டப்புறம்னா எந்தச் சாப்பாடு?"
ஐந்தரைக்கு ஒரு கோப்பி ஓ.
குலை வெட்டி முடித்துப் பத்தரைக்கு நாசி லெமாக்.
என் லேபிளில் அச்சாகியிருந்த 'காலை'க்கு
அவருடைய நாளில் இடமே இல்லை.
அடித்துவிட்டுப் 'பத்தரை' என்று எழுதினேன்.
"மழை பேஞ்சா வேலையில்ல. அன்னிக்கு?"
நோட்டைப் புரட்டினேன்.
அதில் மழை இல்லை.

ரஃபிகுலுக்கு ஊர் வங்காளதேசம்.
என்னிடம் வங்காளம் இல்லை, அவரிடம் மலாய் இருபது சொல்.
உறையில் ஒரு சூரியன் வரைந்தேன், பக்கத்தில் பிறை.
சூரியனைத் தொட்டு
விரலை மேலே ஏற்றினார், பிறகு கீழே இறக்கினார்.
உதிக்கிறதா, சாய்கிறதா?
நியாயமான கேள்வி.
கீழே ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஒரு சேவலை நிறுத்தினேன்.
வாத்து மாதிரி வந்தது.
ஆனாலும் சிரித்து, "பாகி" என்றார்.
விடிந்தது எனக்கு.

மூன்றாம் வாரம், செவ்வாய்.
நாற்பத்தொன்பது எண்கள் காத்திருந்தன.
கார்பன் தாளில் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே
என்னவோ இருந்தது. அழுக்கென்று நினைத்தேன்.
25 மில்லி, தினம் மூன்று வேளை, ஐந்து நாள்.
சரிபார்க்க வேண்டிய மிஸ் இயோ ஃபோனில் இருந்தார்.
நான் காத்திருக்கவில்லை.
அச்சடித்தேன், ஒட்டினேன், பெயரை அழைத்தேன்.

குழந்தைக்கு ஒன்றரை வயது, தாயின் தோளில் தூக்கம்.
தாய் அமுதவல்லி, பாசாரில் கருவாட்டுக் கடை.
போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"இதுல அறுபதுதானே இருக்கு தங்கச்சி?
ஒரு நாளுக்கு மூணு இருபத்தஞ்சு எழுபத்தஞ்சு.
இன்னிக்கே பத்தாதே."
அவள் குற்றம் சொல்லவில்லை.
இன்னும் ஆறு போத்தல் எடுத்துத் தருவேன் என்று
கையை நீட்டியபடி நின்றாள்.

தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டிலேயே படித்தது:
உயிர்மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
இங்கே
புள்ளியை விட்டால்.

போத்தலை வாங்கி லேபிளை உரித்தேன். பசை போகவில்லை.
மன்னிப்புக் கேட்டேன், அதற்குக் குரல் தனியாகத் தேட வேண்டியிருந்தது.
ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டரைக்கு நேரே சிவப்புக் கோடு கிழித்து
தண்ணீரை உறிஞ்சிக் காட்டச் சொன்னேன்.
முதல் தடவை மூன்றுக்குப் போனாள்.
இரண்டாவது தடவை சரியாக நிறுத்தினாள்.
நான்தான் இன்னொரு முறை கேட்டேன்.

மாலையில் பிழை அறிக்கைப் படிவம்.
கண்டுபிடித்தவர்: மருத்துவர், மருந்தாளர், தாதி, பிறர்.
'பிறர்' கட்டத்தில் அடையாளமிட்டு
அமுதவல்லி, கருவாட்டுக் கடை என்று எழுதினேன்.
மிஸ் இயோ படித்தார். கையெழுத்திட்டார்.
தன் ஃபோனை மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மழை.
சொட்டும் தொப்பியோடு கன்னியப்பன் கவுண்டருக்கு முன்னால்.
நோட்டு பையிலேயே இருந்தது.
"கோப்பில சீனி எத்தனை கரண்டிங்க?"
முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும்.

மூன்று விரல் காட்டினார்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
நாலாவதையும் நீட்டினார்.